கஸ்டம்ஸ் அக்கா

பொம்மையைக் கையில் கொடுத்தால் யாரும் முதலில் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த அக்கா முதுகைத் திருப்பிப் பார்ப்பார். பேட்டரி போடுகிற மூடி முதுகில்தானே இருக்கும். அதற்குத் திருகு போட்டிருக்கிறதா, இல்லை நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் கண், மூக்கு, சட்டைப் பொத்தான் என்று ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் பிடித்து ஓர் இழுப்பு. அதற்கும் அப்புறம் மோந்து பார்ப்பார். பொம்மையை மோந்து பார்க்கிற மனுஷியை நான் அதற்கு முன்னே கண்டதில்லை.

சிட்லபாக்கத்தில் எங்கள் சபையின் சண்டே ஸ்கூலைப் பல வருஷமாக நடத்தியவர் அவர். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குள்ளமான, கட்டையான உருவம். கஞ்சி போட்ட காட்டன் புடவை. தோளில் எப்போதும் ஒரு ரெக்சின் பை. இப்போது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். பேரை எழுதவில்லை. எழுதினால், "எதுக்கும்மா என்னை இழுக்கறீங்க?" என்று கோபித்துக்கொள்வார்.

பையில் ஒரு கறுப்பு டப்பா வைத்திருப்பார். அந்தக் காலத்துக் கேமராவுக்குப் பிலிம் சுருள் வருமே, அந்தச் சின்ன டப்பா. பொம்மையிலிருந்து எது கழன்றாலும் அதற்குள் போட்டுப் பார்ப்பார். உள்ளே அடங்கிவிட்டால் அவ்வளவுதான். மூன்று வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அது ஆகாது. "குழந்தை தொண்டை இவ்ளோதாம்மா" என்று டப்பாவின் வாயைக் காட்டுவார். பார்க்கும்போதே எனக்கு எச்சில் விழுங்க வராது.

நான் அப்போது ஏரிக்கரைப் பக்கம் ஷீபா என்கிற பெண்ணின் வீட்டில் பகலெல்லாம் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தேன். ஷீபாவும் அவள் வீட்டுக்காரரும் காலையில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் கிளம்பினால் இருட்டித்தான் வருவார்கள். ஒரே பிள்ளை, ஜோயல். கல்யாணமாகி ரொம்ப வருஷம் காத்திருந்து பிறந்தவன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தான். தரையில் கிடக்கிற எதுவும் நேராக வாய்க்குப் போகும். ஷீபாவும் அதே சபைதான். குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே போகச் சௌகரியமாக இருக்கும் என்று நான் கடைசி பெஞ்சில் உட்கார்வேன். அதுதான் வெளியே சொல்கிற காரணம். முன்னால் உட்கார்ந்தால் நாலு பேர் பேசுவார்கள், பதில் சொல்லணும். எனக்கு அது வராது.

அக்கா என்னிடம் முதலில் பேசியதே ஒரு கிலுகிலுப்பையால்தான். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஜோயலுக்கு நான் ஆசையாக வாங்கினது. சிவப்பும் பச்சையுமாகப் பார்க்க நன்றாக இருக்கும். ஆராதனை முடிந்து நான் நிற்கும்போது அக்கா வந்து, "குடுங்கம்மா, பாத்துட்டுத் தரேன்" என்று வாங்கினார். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து அதை அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டை சிவப்பாகிவிட்டது. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று இடுக்கு வழியாகப் பார்த்தார். நான் கூனிக் குறுகிப் போனேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் திட்டப் போகிறாரே என்று நின்றேன். அவர் திட்டவில்லை.

"உங்க மேல என்னம்மா தப்பு? கடையில லைட்டு வெளிச்சத்துல எல்லாமே நல்லாத்தான் தெரியும். வீட்டுல கரண்டி இருக்கில்ல, ஒரு டம்ளரும் கரண்டியும் குடுங்க. தட்டிட்டே இருப்பான். சாயமும் போகாது, உடையவும் உடையாது."

அன்றைக்கு ஆரம்பித்த சத்தம் ஷீபா வீட்டில் ஒரு வருஷம் ஓயவில்லை.

எங்கள் சபையில் கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் 'கிறிஸ்மஸ் மரம்' வைப்போம். பரிசுப் பொட்டலமெல்லாம் மரத்தடியில் குவிந்திருக்கும். கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவர் ஒவ்வொன்றாக எடுத்து, மேலே எழுதியிருக்கிற பேரைக் கூப்பிடுவார். பிள்ளை ஓடிப் போய் வாங்கிக்கொள்ளும். தாத்தாதான் கொண்டுவந்தார் என்று நம்பும். உண்மையில் அப்பா அம்மாவே வாங்கி, பிள்ளைக்குத் தெரியாமல் முன்னாடியே சபையில் சேர்த்திருப்பார்கள். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்குச் சபையே வாங்கும்.

அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார். பரிசைப் பொட்டலம் கட்டாமல் கொண்டுவரணும். அவர் பார்த்து, இழுத்து, மோந்து, சரி என்றால்தான் கலர் பேப்பர் சுற்றப்படும். மேலே ஸ்கெட்ச் பேனாவால் பிள்ளையின் பேர், அப்பா பேர், பக்கத்தில் வயசு. எல்லாம் பெரிய பெரிய எழுத்தாக இருக்கும். அஞ்சாம் கிளாஸோடு நின்ற என்னாலேயே தூரத்திலிருந்து படிக்க முடியும். பேப்பர் மடித்து டேப் ஒட்டுகிற வேலைக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். பேச வேண்டாத வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

சரியில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அங்கேதான் வம்பு.

"ஆன்ட்டி, இது நல்ல கம்பெனி ஆன்ட்டி. ஆன்லைன்ல எவ்ளோ ஸ்டார் போட்டிருக்கான் தெரியுமா?"

"ஸ்டாரை யாரு சாப்பிடப் போறா? இந்தச் சக்கரம் கழண்டு வருது பாரு. வீட்டுல சின்னது இருக்கில்ல?"

"இது பெரியவளுக்கு ஆன்ட்டி."

"பெரியவளுக்கு வாங்கறதெல்லாம் சின்னது கைக்குப் போறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்? நீ சமையல்கட்டுக்குள்ள போய்ட்டு வர்ற நேரம்."

பரிசு வாங்கிக் கொடுக்கிறவர்கள் பிள்ளையின் வயசைத்தான் யோசிப்பார்கள். அக்கா அந்த வீட்டில் இருக்கிறதிலேயே சின்னப் பிள்ளையின் வயசைக் கேட்பார். அது ஒன்றைத்தான் நான் அவரிடம் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம்.

சபைப் பிள்ளைகளுக்கு வாங்க ஒரு தடவை என்னையும் தாம்பரம் மார்க்கெட் பக்கம் கூட்டிப் போனார். ஒடுக்கமான கடை. கூரையிலிருந்து பந்தும் பொம்மையும் தொங்கும். அக்கா ஒரு கரடியை எடுத்தார். கண்ணைப் பிடித்தார். இழுத்தார். கண் கையோடு வந்துவிட்டது.

கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "இன்னா மேடம், வாங்க வந்தீங்களா, போஸ்ட் மார்ட்டம் பண்ண வந்தீங்களா?"

"வந்துடுச்சு பாருங்க."

"நீங்க அப்டி இஸ்தா என் கண்ணே வந்துடும் மேடம்!"

"உங்க கண்ணை யாரும் வாயில போட மாட்டாங்க தம்பி. பல்லு மொளைக்கிற பிள்ளை இதைப் போடும்."

"பேஜாராப் போச்சே. ஒத்தைக் கண்ணு கரடியை எவன் வாங்குவான்?"

"நான் வாங்கிக்கறேன். இன்னொரு கண்ணையும் நானே எடுத்துட்டு நூல்ல கண்ணு தெச்சுக்கறேன். ஆனா கைக்குழந்தைக்குன்னு யாராவது கேட்டா இந்த ரகத்தைக் குடுக்காதீங்க."

அந்தக் கரடி கறுப்பு நூல் கண்ணோடு சண்டே ஸ்கூல் அலமாரியில் ரொம்ப நாள் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் மாறுகண். அடுத்த வருஷம் நாங்கள் அந்தத் தெருவில் திரும்பும்போதே கடைக்காரர் உள்ளே பார்த்துக் கத்தினார். கல்லாவில் அவர் சம்சாரம் உட்கார்ந்திருந்தது. "ஏய், மேடம் வந்துகினு கீறாங்க! கரடியெல்லாம் உள்ள எடு!" அக்கா தெருவிலேயே நின்று சிரித்தார். சிரித்துவிட்டு உள்ளே போய், "உள்ள எடுத்ததை வெளிய எடுங்க, பாக்கணும்" என்றார்.

எல்லா இடத்திலும் சிரித்து முடியாது. கீழ்க்கட்டளையில் ஒரு முதல் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். பெரிய ஹால், கூரை முழுக்க பலூன். பெரிய பையன்கள் ஊசியால் குத்திக் குத்தி உடைத்தார்கள். எல்லாரும் பிரியாணிக்கு உட்கார்ந்துவிட்டோம். அக்காவைக் காணோம். பார்த்தால், மேஜைக்கு அடியில் மண்டி போட்டு, உடைந்த பலூன் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். தவழ்கிற பிள்ளைகள் ரெண்டு மூணு அதே தரையில் இருந்தன. வீட்டுக்காரப் பெண்ணுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஆன்ட்டி, ப்ளீஸ், எல்லாரும் வீடியோ எடுக்கறாங்க. எழுந்து வாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது. அக்கா, "இதோ ஆச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்கு அடியில் போனார்.

அதற்கப்புறம் சில வீட்டு விசேஷங்களுக்கு அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார். எனக்கே சில சமயம் இவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்று இருக்கும். மனுஷருக்கு மனுஷர் முகம் முறிந்து போகிற அளவுக்கு ஒரு பலூனா?

ஒருநாள் டேப் ஒட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். "ஏன்க்கா, உங்க வீட்ல யாருக்காவது... சின்ன வயசுல..."

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாரும் இதைத்தான் கேக்கணும்னு நெனைக்கறாங்க. நீங்கதான் வாய் விட்டுக் கேட்டீங்க. ஒண்ணுமே ஆகலம்மா. என் ரெண்டு பிள்ளையும் கல்லு மாதிரி வளந்துச்சு. ஒண்ணு ஆனாத்தான் பாக்கணுமா? ஆகாம இருக்கத்தானே பாக்கறது."

எனக்கு என்னவோ அந்தப் பதில் பெரிய நிம்மதியாக இருந்தது. இவருக்குள் ஒரு பெரிய துக்கம் இருக்கும் என்று நானும் கற்பனை பண்ணி வைத்திருந்தேன்.

அவருக்குக் 'கஸ்டம்ஸ் அக்கா' என்று பேர் வைத்தது எங்கள் சபை செகரட்டரி. நல்ல மனுஷர்தான். கலகலவென்று பேசுவார். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் தாத்தா வேஷமும் அவருக்குத்தான். அவர் மகன் பேரும் ஜோயல். நாலாவதோ அஞ்சாவதோ படித்துக்கொண்டிருந்தான். ஆகவே சபையில் ஷீபா மகனைக் குட்டி ஜோயல் என்றும், இவனைப் பெரிய ஜோயல் என்றும் கூப்பிடுவோம். செகரட்டரியின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் பெரிய ஜோயலுக்கு எதையாவது கொண்டுவருவார். ஒரு வருஷம் வந்தது அம்பு விடுகிற துப்பாக்கி. அக்கா அதைத் தம் உள்ளங்கையில் சுட்டுப் பார்த்தார். கை சிவந்துபோனது. "கண்ணுல பட்டா என்ன ஆகும் தம்பி?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

செகரட்டரி எல்லார் முன்னாலும் கையை விரித்தார். "மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுல கஸ்டம்ஸ்காரனே 'போய்ட்டு வாங்க சார்'னு அனுப்பிட்டான். நம்ம கஸ்டம்ஸ் அக்கா விட மாட்டேங்கறாங்களே!"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்போடு அது முடியவில்லை. அடுத்த வருஷம் கமிட்டியில் பேசி, பரிசைப் பெற்றோர்களே பொட்டலம் கட்டிக் கொண்டுவரலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். "உங்களுக்கும் வயசாகுதுக்கா, எதுக்கு இந்தச் சிரமம்?" என்று செகரட்டரியே வந்து பக்குவமாகச் சொன்னார்.

"சரி தம்பி" என்றார் அக்கா.

அந்த வருஷக் கிறிஸ்மஸ் மரம் அன்றைக்கு அவர் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜோயல் என் மடியில். ஷீபா முன்னால் பாடகர் குழுவில் நின்றாள். அவள் வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தார். மரத்தடியில் பொட்டலங்கள் மின்னின. விதவிதமான பேப்பர், ரிப்பன். பார்க்க முன்னைவிட அழகாகத்தான் இருந்தது. அக்காவின் கை ரெண்டும் பையின் மேலேயே இருந்தன. "பாக்க நல்லாத்தான் இருக்கு இல்லம்மா?" என்றார். பிஸ்கட் ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

தாத்தா வேஷத்தில் செகரட்டரி வந்தார். சிவப்பு அங்கி, குல்லா, மார்பு வரை தொங்குகிற பஞ்சுத் தாடி. வேஷத்துக்குக் கண்ணாடி பொருந்தாது என்று கழற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு பொட்டலத்தையும் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பேரைப் படித்தார். பிள்ளைகள் காது கிழியக் கத்தின.

"ஜோயல்!"

பொட்டலத்தின் மேல் அவ்வளவுதான் எழுதியிருந்தது. அப்பா பேரும் இல்லை, வயசும் இல்லை. பெரிய ஜோயல் கிறிஸ்மஸ் நாடகத்தில் போட்ட மேய்ப்பன் வேஷத்தைக் கழற்ற உள்ளே போயிருந்தான். செகரட்டரி வீட்டுப் பொட்டலத்தை அவர் மனைவி கட்டியிருந்ததால் அவருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஷீபா பாடகர் வரிசையிலிருந்து ஓடிவந்து, மகனை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போனாள். தான் கட்டின பேப்பர்தானா என்றுகூடப் பார்க்காமல் தாத்தாவிடம் பொட்டலத்தை வாங்கிக் கொடுத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் பொட்டலத்தையும் என்னிடம் விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்கு ஓடினாள். அப்போது அக்கா பக்கத்தில் இல்லை. பிள்ளைகளுக்குக் கேக் கொடுக்கிற இடத்தில் ஆள் போதவில்லை என்று எழுந்து போயிருந்தார்.

ஷீபா தன் மகனுக்கு வாங்கியிருந்தது ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற கிண்ணங்கள் என்று எனக்குத் தெரியும். நானும் கடைக்குப் போயிருந்தேன். அதனால் ஜோயல் பேப்பரைக் கிழிக்கும்போது நான் கவலைப்படவில்லை. பேப்பர் போனதும் உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி. நான் என்ன இது என்று பார்க்கிறதற்குள் அவன் அதைத் தட்டினான். மூடி தெறித்தது. மிளகு அளவு வெள்ளி உருண்டைகள் மடி முழுக்கக் கொட்டின. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாகக் கிடந்தன. அவன் கை நிறைய அள்ளினான். நான் கையைப் பிடித்து விரித்து உதறினேன். அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது.

வாயைத் திறந்து பார்த்தேன். கேக் துணுக்கு இருந்தது. அதற்கு முன்னே எதுவும் உள்ளே போயிற்றா என்று எனக்குத் தெரியவில்லை.

முன்னால் பெரிய ஜோயலின் அழுகைக் குரல் கேட்டது. "எனக்குப் பாப்பா சாமான் குடுத்திருக்காங்க! கிண்ணம் குடுத்திருக்காங்கப்பா!" அப்போதுதான் நடந்தது எனக்குப் புரிந்தது. ஆயுசிலேயே முதல் தடவையாக அத்தனை பேர் நடுவில் நான் கத்தினேன்.

"அக்கா!"

கேக் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தார். மடியில் கிடந்ததைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "காந்த உருண்டை" என்றார். "யாரும் எழுந்திருக்காதீங்க. ஒண்ணு விடாமப் பொறுக்குங்க."

பொறுக்கினதையெல்லாம் வாங்கிப் பெஞ்சின் மேல் அடுக்கினார். பெட்டி மூடியில் படம் இருந்தது. நாலா பக்கமும் சரியான கட்டமாக உருண்டைகள் சேர்ந்து நிற்கிற படம். அதே மாதிரி வரிசை வரிசையாகச் சேர்த்தார். காந்தம் என்பதால் தானாகவே ஒட்டி நின்றது. கடைசி வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தது.

ஷீபா வந்துவிட்டாள். "ஒண்ணும் இல்லல்ல ஆன்ட்டி? மோஷன்ல வந்துடும்ல? வாழைப்பழம் குடுக்கட்டுமா?"

"எதுவும் குடுக்காதே. தண்ணியும் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். ஒண்ணு போனா வெளிய வந்துடும் ஷீபா. ரெண்டு போனா உள்ள ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும். நடுவுல குடல் மாட்டிக்கும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுக்கணும். தம்பி, வண்டிய எடுங்க."

செகரட்டரியிடம்தான் கார் இருந்தது. அப்படியே ஓடினார், அங்கி, குல்லா, தாடி எல்லாவற்றோடும். கழற்றணும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

பின் சீட்டில் ஷீபாவும் நானும், என் மடியில் குழந்தை. முன்னால் அக்கா. கேம்ப் ரோடு சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்து பைக்கில் உட்கார்ந்திருந்த பிள்ளை தாத்தாவைப் பார்த்துக் கையை ஆட்டிற்று. அவரும் அழுத முகத்தோடு கையை ஆட்டினார். ஷீபா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பெரியம்மா, உங்க மடியிலதானே இருந்தான்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் குழந்தையை இறுக்கிக்கொண்டேன். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த ஊரில் நான் எந்த முகத்தோடு நடப்பேன் என்று இல்லை. அவன் இல்லாமல் அந்த வீட்டுப் பகல்களை என்ன செய்வேன் என்று இருந்தது. அவனோ எதுவும் தெரியாமல் என் வளையலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அக்கா திரும்பாமலேயே சொன்னார். "மடியில இருந்ததாலதான் உடனே தெரிஞ்சுது. தரையில இருந்திருந்தா ராத்திரி வயித்து வலின்னு அழறப்பதான் தெரிஞ்சிருக்கும். அவங்களை ஒண்ணும் சொல்லாதே. பிள்ளை மொகத்தைப் பாரு."

ஆஸ்பத்திரியில் அக்காவே பேசினார். என்ன சாமான், எத்தனை பெரிசு, எவ்வளவு நேரம் ஆச்சு, கடைசியாக என்ன சாப்பிட்டான். பெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். தாத்தா வேஷத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்த டாக்டர் பெண், பெட்டியை வாங்கிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திற்று. "உடனே எக்ஸ்ரே" என்றது.

குழந்தை வேறு யாரிடமும் போக மாட்டேன் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அதனால் என்னையே பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். படம் எடுக்கிற தம்பி, "அவன் அரைஞாண் கயித்தைக் கழட்டிடுங்க. நீங்களும் செயின், பின்னு எல்லாம் கழட்டிடுங்கம்மா" என்றது. தோளில் புடவை மடிப்பைச் சேர்த்துக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றக் கை வைத்தேன். விரலில் என்னவோ உருண்டது. மடிப்புக்குள் கையை விட்டேன்.

ஊக்கின் இரும்பில் ஒட்டிக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில், இரண்டு வெள்ளி உருண்டைகள்.

அப்படியே ஊக்கோடு எடுத்துக் கதவுக்கு வெளியே நீட்டினேன். ஷீபா அதைப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். செகரட்டரி, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்தார்.

அக்கா மட்டும் உருண்டைகளைக் கையில் வாங்கி, பெட்டியிலிருந்த கட்டத்தில் கடைசி இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தார். சரியாக நிரம்பிற்று.

"அப்ப வீட்டுக்குப் போலாமா ஆன்ட்டி?" என்றாள் ஷீபா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இல்ல. படம் எடுத்துட்டுத்தான். தொலைஞ்சா இருக்கட்டும்னு இதுல சில பெட்டியில உபரியா ஒண்ணு ரெண்டு போட்டிருப்பான். கட்டம் நெறஞ்சதை வெச்சு வயித்தைச் சொல்ல முடியாது."

எடுத்தார்கள். டாக்டர் பெண் படத்தை வெளிச்சத்தில் பார்த்தது. திருப்பியும் பார்த்தது. "க்ளியர்மா. உள்ள ஒண்ணுமே இல்ல. கேக்கு ரொம்பத்தான் சாப்பிட்டிருக்கான்."

அதுவரை நின்றுகொண்டே இருந்த அக்கா அப்போதுதான் பெஞ்சைத் தேடி உட்கார்ந்தார். பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறக்க முடியவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். முழு பாட்டிலையும் குடித்தார். ஷீபா குழந்தையை என்னிடமிருந்து வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, வீட்டுக்காரருக்குப் போன் பண்ண வேண்டும் என்று, தானாகவே மறுபடி என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள், "பிடிங்க பெரியம்மா" என்றாள், தினமும் காலையில் சொல்கிற மாதிரியே. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

செகரட்டரி எங்கள் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தார். வராந்தாவில் போகிறவர் வருகிறவரெல்லாம் கிறிஸ்மஸ் தாத்தாவைப் பார்த்துக்கொண்டு போனார்கள். "அக்கா" என்றார். "எம் பையன் சாமான்க்கா. நானே எங்கையால எடுத்துக் குடுத்தேன். உங்களைக் கிண்டல் பண்ணி, உக்கார வெச்சு... என்னை நாலு வார்த்தை திட்டிடுங்கக்கா. இல்லேன்னா எனக்கு ஆறாது."

ஜோயலுக்கு அந்தத் தாடிதான் கண்ணில் பட்டது. மடியிலிருந்து எட்டி ஒரு கொத்துப் பஞ்சைப் பிய்த்தான்.

அக்கா அவன் கையைப் பிடித்துப் பஞ்சைப் பிடுங்கினார். "திட்டறது கெடக்கட்டும் தம்பி. மொதல்ல அதைக் கழட்டுங்க. வாயில போட்டுக்கப் போறான்."

செகரட்டரி அவசரமாகக் குல்லாவையும் தாடியையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். உள்ளே இருந்த முகம் முழுக்க ஈரம். வேர்வையா, அழுகையா, நான் கேட்கவில்லை. ஜோயல் கையை நீட்டி அந்தக் கன்னத்தைத் தொட்டான். ஈரமான விரலைப் பார்த்தான். அப்புறம் வாயில் வைத்துச் சப்பினான்.

அக்கா அதை மட்டும் தடுக்கவில்லை.